பேபியின் இடது கட்டைவிரல்

"எந்தக் கை முதல்ல இழுக்குது?"

டாக்டரம்மா சாதாரணமாகத்தான் கேட்டாள். வேம்புலியம்மாளுக்குப் பதில் தெரியவில்லை. அது தொண்ணூறாம் வருடம். மகள் பேபிக்கு வலிப்பு வர ஆரம்பித்து நான்கு வருடம் ஆகியிருந்தது. பூந்தமல்லி, ஆவடி என்று ஏறாத கிளினிக் இல்லை. எல்லோரும் மாத்திரை எழுதினார்கள். பட்டணத்து ஆசுபத்திரியில் இவள்தான் இதைக் கேட்டாள்.

"மூளையில ஏதோ ஒரு இடத்துல கிளம்பித்தான் வலிப்பு பரவுது. முதல்ல எந்தக் கை, முகத்துல எந்தப் பக்கம்னு பாத்தா ஓரளவு ஊகிக்கலாம். அடுத்த தடவை கவனிச்சுட்டு வாங்க. கையில இரும்பு எதுவும் குடுக்காதீங்க, அது தானாவே அடங்கிடும்."

நூம்பலுக்குத் திரும்பும் பஸ்ஸில் அவளுக்குக் கோபம் ஏறியது. பார்க்க விட்டால்தானே! பேபிக்குக் கண் செருகினால் போதும், தெருவே ஓடிவரும். எல்லோருக்கும் முன்னால் பூட்டு ரிப்பேர் செய்யும் அன்வர் பாஷா, சாவிக்கொத்தோடு. பேபியின் ஒரு கையில் சாவியைத் திணிப்பார்கள், மறு கையில் யாருடையதோ இரும்புக் கரண்டி. காலை ஒருத்தி அமுக்குவாள். பெற்றவளுக்குத் தெரிந்ததெல்லாம் முதுகுகள்தான். அப்பன் துலுக்கானத்துக்கு அதுவும் தெரியாது. அந்த நேரத்தில் அவன் வீட்டில் இருந்ததே இல்லை.

தானாக அடங்குகிற இழுப்பு. பேரை வாங்கிக்கொண்டது சாவி. நேற்றுவரை தானும் அதை நம்பியிருந்ததை நினைக்க, அவள் கோபம் தன் மேலேயே திரும்பியது.

அடுத்த இழுப்பு குழாயடியில் வந்தது. வேம்புலியம்மாள் குடத்தை ஓங்கிக்கொண்டு நின்றாள்.

"எவனாச்சும் புள்ள கையத் தொட்டீங்க, மண்டைய ஒடச்சிருவேன்!"

"பைத்தியம் புட்சிகிச்சா உனுக்கு?" என்றாள் எதிர்வீட்டு ராணி. "இரும்ப குடுக்க உடு. பெத்தவளா நீ?"

"நாந்தான்டி பெத்தேன். நீ ஓரமா நில்லு."

அன்வர் பாஷா நீட்டிய கொத்தைத் தட்டிவிட்டாள். அது சாக்கடையில் போய் விழுந்தது.

பேபியின் இடது கட்டைவிரல் உள்ளே மடங்கியது. பிறகு வாயின் இடது ஓரம் வெட்டியது. தலை இடப்பக்கம் திரும்பியது. அதற்குப் பிறகுதான் உடம்பெல்லாம்.

"அப்போ மூளையில வலது பக்கம்," என்றாள் டாக்டரம்மா. மருந்தை மாற்றினாள். ஸ்கேன் எடுக்கச் சொன்னாள். படத்தில் ஒன்றும் தெரியவில்லை.

"சரியான இடம் தெரிஞ்சா ஆபரேஷனுக்கு யோசிக்கலாம். வெளிநாட்ல வேற ஒரு ஸ்கேன் இருக்கு. லேசா கதிர்வீச்சு கலந்த சர்க்கரைய ஊசியில ஏத்துவாங்க. மூளைக்குச் சர்க்கரதான் சாப்பாடு. வலிப்பு கிளம்புற இடம் மத்த நேரத்துல சோம்பிக் கிடக்கும், சரியா எடுத்துக்காது. படத்துல அந்த இடம் மட்டும் மங்கலாத் தெரியும்."

"அத்த எடுத்துருங்க."

"நம்ம நாட்ல இன்னும் வரலம்மா."

"எப்ப வரும்?"

"தெரியாது."

"சக்கர தானே டாக்டரம்மா? எங்க ரேசன் கடையிலயே போடறான்."

டாக்டரம்மா பேனாவை மூடினாள்.

யாருக்குமே தெரியாத ஒன்றை மனிதர்கள் விதி என்று சொல்லிப் பொறுத்துக்கொள்வார்கள். வேம்புலியம்மாளும் நான்கு வருடம் அப்படித்தான் பொறுத்தாள். ஆனால் எங்கோ ஒரு ஊரில், அங்கே பிறந்த பிள்ளைக்கு அதைக் கண்டுபிடித்துச் சொல்வார்கள் என்று தெரிந்த பிறகு அதை விதி என்று சொல்ல முடியவில்லை. வேறு என்ன பெயர் வைப்பது என்றும் அவளுக்குத் தெரியவில்லை.

புது மருந்தில் இழுப்பு குறைந்தது. நிற்கவில்லை.

"நல்லதுக்குத்தானேம்மா செஞ்சேன்," என்றார் பாஷா ஒருநாள்.

"நல்லது பண்ணிப் பண்ணியே நாலு வருசம் போச்சு பாய். எங்கேர்ந்து கிளம்புது, எந்தக் கை மொதல்ல இழுக்குதுன்னு பாக்க உட்டீங்களா?"

அதன்பின் சில மாதம் போயிருக்கும். வேலப்பன்சாவடி பஸ் நிறுத்தத்தில் பேபி மறுபடி விழுந்தபோது, பஸ்ஸுக்கு நின்ற யாரோ ஒருவன் சைக்கிள் சாவியோடு பாய்ந்தான். பக்கத்தில் நின்ற பாஷா அவன் சட்டையைப் பிடித்து இழுத்தார்.

"கைய உடு நைனா! எங்கேர்ந்து கிளம்புதுன்னு பாக்கணும்." பிறகு மகளருகே உட்கார்ந்திருந்த வேம்புலியம்மாள் பக்கம் குனிந்தார். "எடது கைதாம்மா. நல்லா பாத்துகினேன்."

"எங்கிட்ட சொல்லி இன்னா பிரயோசனம் பாய்? அந்த மிசினு கீற ஊர்ல போய்ச் சொல்லு."

சொல்லிவிட்டு மகளை ஒருக்களித்துக் கிடத்தினாள். கண்ணை மட்டும் அந்த விரலிலிருந்து எடுக்கவில்லை.