பாலைமரத்தடியில் அரை நாழிகை

இயற்கையோடு ஒன்றிப் போக வேண்டும் என்ற உபதேசம் எனக்கு அடுக்களைச் சுவர் வழியாகத்தான் வந்தது. சுவருக்கு அந்தப் பக்கம், முன்கூடத்தில், என் கொழுந்தன் சொற்பொழிவு ஆற்றிக்கொண்டிருந்தார். இந்தப் பக்கம் நான் கூட்டத்துக்கு வடை சுட்டுக்கொண்டிருந்தேன்.

கொழுந்தன் திருவனந்தபுரத்தில் படித்துவிட்டு வந்தவர். ஊரில் வாசகசாலை ஒன்று தொடங்கி, அதற்குக் கட்டடம் எழும்பும்வரை எங்கள் வீட்டிலேயே வாராவாரம் கூட்டம் நடத்தினார். மரமும் மலையும் மனிதனின் உடன்பிறப்புகள், தினமும் கொஞ்ச நேரம் ஒரு மரத்தடியில் சும்மா உட்கார்ந்திருந்தால் ஆன்மா மலர்ந்துவிடும் என்பார். கேட்டவர்கள் தலையாட்டிக்கொண்டே வடை தின்றார்கள். எழுந்து போய் ஒரு மரத்தடியில் உட்கார்ந்தவர் ஒருவரும் இல்லை. கொழுந்தனுக்கோ வெயிலில் இறங்கினாலே தலைவலி வந்துவிடும்.

எனக்குக் கல்யாணமாகி ஒரு மழைக்காலம் கழிந்திருந்தது. விடியுமுன் எழுந்தால் நெல் அவிக்க, குத்த, தேங்காய் அரைக்க, மாட்டுக்குக் கழுநீர் வைக்க என்று விளக்கு அணைகிறவரை கைக்கு ஓய்வில்லை. சும்மா உட்காரலாம், அதற்கு ஆன்மா மலர்தல் என்று கௌரவமான பெயர் வேறு இருக்கிறது என்று காதில் விழுந்ததும் சட்டியில் வடை கருகியதுகூடத் தெரியவில்லை. ஆன்மாவைப் பற்றி எனக்குப் பெரிய அக்கறை இருந்தது என்று சொல்ல மாட்டேன். எனக்குக் கண்ணெல்லாம் அந்தச் 'சும்மா'வின் மேல்தான்.

குளத்துக்குப் போகும் வழியில், விளை என்று நாங்கள் சொல்லும் எங்கள் தோப்பின் மூலையில், ஓர் ஏழிலைப்பாலை நின்றது. அதில் இசக்கி குடியிருக்கிறாள் என்பது ஊர் நம்பிக்கை. இசக்கி என்றால் கொலையுண்டு செத்து, கோபம் தீராமல் தெய்வமான பெண். அதனால் அந்த மரத்தடிக்கு யாரும் போவதில்லை. பகலில்கூடச் சுற்றிக்கொண்டுதான் போவார்கள். தனியாக இருக்க ஆசைப்பட்டவளுக்கு இதைவிட என்ன வேண்டும்? காலையில் குளித்துவிட்டு வரும்போது, ஈரத்தலையை அவிழ்த்து உலரவிட்டபடி அதன் வேரில் போய் உட்கார்ந்தேன்.

முதலில் ஆன்மா மலரவில்லை, எறும்புதான் கடித்தது. ஊறப் போட்ட அரிசியின் ஞாபகம் வந்துகொண்டே இருந்தது. ஆனாலும் மறுநாளும் போனேன், அதற்கு மறுநாளும் போனேன். ஈர முதுகில் மரப்பட்டை குளிர்ந்து ஒட்டும். எதிரே வேளிமலையில் மஞ்சு இறங்கிக் கிடக்கும். தலைக்கு மேல் விரித்த கைபோல இலைகள். அங்கே இருக்கும்போது எனக்கு மாமியார் இல்லை, உலக்கை இல்லை, பெயர்கூட இல்லை. சந்தோஷமாக இருந்தேன். பிறகு பெரிய கோயில்களுக்கெல்லாம் போயிருக்கிறேன், அந்தச் சந்தோஷம் கிடைத்ததில்லை.

வாசகசாலைக் கட்டடம் எழும்பியது. சொற்பொழிவுக்கு ஒரு மேடை வேண்டும் என்றார்கள், மேடைக்குப் பலகை வேண்டும் என்றார்கள். இசக்கியிலெல்லாம் நம்பிக்கை இல்லாத கொழுந்தன் யோசிக்கவே இல்லை.

"விளையில அந்தப் பாலை சும்மாத்தான நிக்கி. முறிச்சிரலாம்" என்றார்.

ஆசாரி வந்து கயிறு பிடித்து அளந்துவிட்டு, இரண்டு நாளில் ஆளோடு வருவதாகச் சொல்லிப் போனார். இயற்கையின் மேன்மையை ஏறி நின்று பேசுவதற்காக என் மரத்தைச் சாய்க்கப் போகிறார்கள். யாரிடம் சொல்வது? என் வீட்டுக்காரர் நாகர்கோவிலில் கடை வைத்திருந்தார், வாரக் கடைசியில்தான் வருவார். வந்தாலும், தம்பி படித்தவன், அவனுக்குத் தெரியும் என்று சொல்லிவிட்டுச் சாப்பிட உட்காருவார்.

மறுநாள் காலை மரத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டு வாய்விட்டு அழுதேன். தண்ணீர் எடுக்க வந்த பக்கத்து வீட்டுக்காரி விரித்த தலையோடு நான் நிற்பதைப் பார்த்தாள். குடத்தைப் போட்டுவிட்டு ஓடினாள்.

நான் வீட்டுக்கு வருவதற்குள் முற்றம் நிறைய ஆள். வேலை செய்யாமல் இருக்கும் பெண்ணுக்கு எங்கள் ஊரில் இரண்டே காரணம்தான் உண்டு. ஒன்று சீக்கு, இல்லாவிட்டால் பேய். எனக்குச் சீக்கு இல்லை என்பது பார்த்தாலே தெரிந்தது.

"ஒண்ணும் செய்யாண்டாம் மக்ளே, நீ அங்கன இரி" என்றார் மாமியார். அந்த வாயிலிருந்து அப்படி ஒரு சொல்லை நான் கேட்டதே இல்லை. இளநீர்கூட வெட்டித் தந்தார்கள்.

"பேயும் இல்ல, பிசாசும் இல்ல. மூளைக்கொதிப்பு. நெய்யூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போவோம்" என்றார் கொழுந்தன்.

"நீங்க சொன்னதத்தான செஞ்சேன்? மரத்தடியில சும்மா இருந்தேன்" என்றேன்.

அவர் முகம் சிவந்துவிட்டது. "அது கூட்டத்துல பேசுகதுக்குள்ள காரியம்லா மைனி!"

சாயங்காலம் மந்திரவாதி வந்தார். களம் வரைந்து, என்னை நடுவில் உட்கார்த்தி, வேப்பங்குலையால் முகத்தில் விசிறி விசிறிக் கேட்டார்.

"ஆருட்டி நீ? ஒனக்கு என்ன வேணும்?"

அந்த வீட்டுக்கு வந்த நாள் முதல் என்னிடம் யாரும் கேட்காத கேள்வி அது. என்னைப் பேய் எதுவும் பிடிக்கவில்லை என்று உண்மையைச் சொல்லலாம். சொன்னால் மறுநாள் கோடாலி வந்துவிடும். நான் தலையை ஒரு சுற்றுச் சுற்றினேன்.

"எனக்க மரத்துல எவன்லே கயிறு பிடிச்சது? தொட்டுப் பாருங்கலே!"

குரல் எங்கிருந்து வந்தது என்று எனக்கே தெரியாது. மாமனார் தோளில் கிடந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டார். மாமியார் சடாரென்று என் காலில் விழுந்தார். மூளைக்கொதிப்பு என்று சொன்ன கொழுந்தன் தூணுக்குப் பின்னால் நின்று கும்பிட்டுக்கொண்டிருந்தார்.

"தொட மாட்டோம் தாயே, பொறுத்துக்கோ!"

நெல் குத்த ஓர் ஆள் வைக்கச் சொல்லியும் கேட்டிருக்கலாம். அந்த நேரத்தில் தோன்றாமல் போய்விட்டது.

வாக்குக் கொடுத்ததோடு முடியும் என்று நினைத்தேன். மந்திரவாதி அப்படி விடுகிறவர் இல்லை. இறக்கிய இசக்கியைத் திரும்ப வராதபடி கட்ட வேண்டுமே. என் உச்சியிலிருந்து ஒரு கற்றை முடியை அறுத்து, இரும்பாணியில் சுற்றி, என்னையும் கூட்டிக்கொண்டு போய், பாலைமரத்தில் வைத்து அறைந்தார். ஒவ்வோர் அடிக்கும் மரத்திலிருந்து வெள்ளையாகப் பால் வழிந்தது. நான் அழுதேன். இசக்கி இறங்குகிறாள் என்று எல்லோருக்கும் திருப்தி.

"இனி இந்தப் பிள்ள இந்த மரத்துக்க நெழல மிதிக்கப்பிடாது. மிதிச்சா திரும்பவும் பிடிச்சுக்கிடும்" என்றார் மந்திரவாதி.

அதன்பிறகு கிணற்றடியில்தான் எனக்குக் குளியல், அதுவும் மாமியாரின் காவலில். உலக்கை திரும்பவும் கைக்கு வந்தது. கொழுந்தன் மாமரப் பலகையில் மேடை போட்டு, அதே சொற்பொழிவை அதே ஏற்ற இறக்கத்தோடு செய்தார். நான் வடை சுட்டேன்.

மரம் மட்டும் தப்பித்தது. இசக்கியைக் கட்டியாகிவிட்டது, இனிப் பயமில்லை என்று ஊர்ப்பெண்கள் செவ்வாயும் வெள்ளியும் அங்கே விளக்கு வைக்கத் தொடங்கினார்கள். வளையல் கட்டினார்கள், தொட்டில் கட்டினார்கள். மத்தியானம் முழுக்கக் காலை நீட்டி அந்த வேரில் உட்கார்ந்திருந்தார்கள். சாமி காரியம் என்பதால் யாரும் ஏன் என்று கேட்கவில்லை. மாமியாரும் தவறாமல் போவார். திரும்பி வந்து, நான் குத்திக்கொண்டிருக்கும் உரலுக்குப் பக்கத்தில் நின்று சொல்வார்:

"அந்த மரத்தடியில செத்த நேரம் சும்மா இருந்தா மனசுக்கு என்ன சொகம் தெரியுமாட்டி?"

தெரியும் என்று எப்படிச் சொல்வது? சொன்னால் மறுபடி மந்திரவாதிக்கு ஆள் விடுவார்கள்.