கூட்டத்துக்குக் கூப்பிடாத அம்மாள்

என் அண்ணியைப் புகழ்ந்து எழுதுகிறேன் என்றால் எங்கள் வீட்டில் யாரும் நம்ப மாட்டார்கள். எங்கள் இருவருக்கும் அப்படி ஒரு பொருத்தம். ஆனால் அவளைப் போல ஒரு துணிச்சல்காரியை நான் பார்த்ததில்லை.

அறுபதுகளின் கடைசியில் அவள் காஞ்சிபுரத்தில் ஒரு பெண்கள் பள்ளியில் சரித்திரம் நடத்திக்கொண்டிருந்தாள். சாயங்காலம் மறுநாள் பாடத்தை உரக்கப் படித்துப் பார்ப்பாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து நூல் சுற்றுவேன். ஜெர்மனியின் கதை என் காதில் விழுந்தது அப்படித்தான். படை வைக்கக் கூடாது என்று ஒப்புக்கொண்ட ரைன் நதிப் பக்கத்தில் அது படையைக் கொண்டுவந்து நிறுத்தியது. பிரிட்டனும் பிரான்சும் கண்டித்தன, அத்தோடு சரி. பிறகு ஆஸ்திரியாவை விழுங்கியது. மறுபடியும் கண்டனம். அடுத்து செக் நாட்டின் எல்லைப் பகுதியைக் கேட்டது. இதுதான் கடைசி என்றான் ஜெர்மனியின் தலைவன். பெரிய நாடுகள் கூடிப் பேசி எடுத்துக் கொடுத்துவிட்டன. அந்தக் கூட்டத்தில் செக் நாட்டுக்காரர்களை உட்காரவே விடவில்லை.

இந்த இடம் வந்தால் அண்ணிக்குக் குரல் ஏறிவிடும். "அவங்க வூட்டைத் தூக்கிக் குடுக்க இவங்க யாரு?" என்று என்னை முறைப்பாள், என்னமோ நான்தான் கையெழுத்துப் போட்ட மாதிரி.

எங்கள் தெருக்கோடியில் ஒரு பட்டு முதலாளி இருந்தார். முதலில் தெருவை மறித்துப் படி கட்டினார். பிறகு காருக்குக் கொட்டகை போட்டார். எங்கள் தறி உட்பட, தெருவில் பாதித் தறிகள் அவர் கொடுக்கும் பட்டில் ஓடின. யார் வாயைத் திறப்பது? மூன்றாவதாக, அடுத்த வீட்டு வாசலை வளைத்து குடோனுக்குச் சுவர் வைக்க வேண்டும் என்றார். அந்த வீட்டில் தெலுங்கு பேசும் அம்மாள் ஒருத்தி தனியாக நெய்து பிழைத்தாள். புடவையின் நீள இழைகளைப் பாவு என்போம். காலையில் அதைத் தெருவில் நீட்டிக் கட்டிக் கஞ்சி போட்டால்தான் தறியில் ஏற்ற முடியும். வாசல் போனால் அவள் தறி நின்றுவிடும்.

கோயில் மண்டபத்தில் கூட்டம் போட்டுப் பேசினார்கள். போய்வந்த அண்ணன், "இதோட சரி, இனிமே எதுவும் கேக்க மாட்டேன்னு முதலாளி சொல்லிட்டாரு. நாளைக்குக் கொத்தனார் வராரு" என்றான்.

"அந்தம்மா இன்னா சொன்னாங்க?" என்றாள் அண்ணி.

"அவங்களை யாரும் கூப்பிடலியே."

அண்ணி சாப்பிட்ட தட்டை அப்படியே விட்டு எழுந்தாள். நானும் பின்னாலேயே ஓடினேன். விஷயத்தைக் கேட்டதும் அந்தம்மாள், "கொத்தனார் வரதுக்குள்ள காலையிலயே பாவு நீட்டிடறேன் கண்ணு. ஆனா முதலாளியை எதுத்துக்கிட்டு இன்னொரு முனையைப் பிடிக்க யாரும்மா வருவாங்க?" என்றாள்.

"நான் வரேன்" என்றாள் அண்ணி. பாவின் தலைப்பும் தெரியாது, முனையும் தெரியாது அவளுக்கு.

நீட்டிய பாவை எங்கள் தெருவில் யாரும் மிதிக்க மாட்டார்கள், தாண்டவும் மாட்டார்கள். முதலாளியும் தறிக்காரர் வீட்டில் பிறந்தவர்தான். காலையில் கொத்தனாரோடு வந்தவர், சுவர் எழும்ப வேண்டிய இடத்தில் பாவு கிடப்பதைப் பார்த்து நின்றுவிட்டார்.

"டீச்சரம்மா, உங்க வூட்டுக்காரர் எங்கிட்டதான் பட்டு வாங்கறாரு. ஞாபகம் இருக்குதா?"

"இருக்குதுங்க. நீங்க இவங்களைக் கேட்டீங்களா?"

பாவின் முனையில் கட்டிய கழியை விடாமல் நின்றாள் அண்ணி. அப்போது அண்ணன் வீட்டிலிருந்து இறங்கி வந்தான். அவளைத் திட்டி உள்ளே இழுத்துப் போகப்போகிறான் என்றே நினைத்தேன். முதலாளியை அவன் பார்க்கவே இல்லை.

"நீ பிடிச்சா தொய்யுது. இப்படிக் குடு" என்று அவள் கையிலிருந்த கழியை வாங்கிக்கொண்டான்.

முதலாளி கொத்தனாரைப் போகச் சொன்னார். அந்தச் சுவர் அப்புறம் எழும்பவே இல்லை. அந்த வாரமே எங்களுக்குப் பட்டு வருவது நின்றது. அண்ணன் வேறு இடத்தில் பட்டு பிடிக்கும்வரை அண்ணியின் சம்பளத்தில்தான் எல்லோரும் சாப்பிட்டோம். எங்கள் தறி சும்மா கிடந்த அந்த நாட்களில், தெருக்கோடியில் அந்தம்மாளின் தறி ஓடும் சத்தம் எங்கள் வீடு வரைக்கும் கேட்டது.