டெஸ் ஹிங்லி அடிக்காத டிரம்ஸ்

எங்கள் முதல் இசைத்தட்டைப் பற்றி யாராவது பேச்செடுத்தால் இன்றைக்கும் எனக்கு முகம் சுடும். ஹெவி மெட்டல் என்ற பேரெல்லாம் அப்போது எங்களுக்குத் தெரியாது. சத்தமாக வாசிக்கிறோம், அவ்வளவுதான். முதல் பாட்டு தொடங்கும்போது டிரம்ஸ் மட்டும் தனியாக எட்டு அடி விழும், மெதுவாக, தரை அதிர. அந்த அடி யாருக்குத் தோன்றியது என்று ஜப்பானிலிருந்து ஒருவன் கடிதம் எழுதிக் கேட்டான். எல்லோரும் சேர்ந்து செய்ததுதான் என்று பதில் போட்டேன். பச்சைப் பொய். அது டெஸ்மண்ட் ஹிங்லியின் அடி. தட்டின் உறையில் அவன் பெயர் இல்லை. இல்லாமல் போனதற்குக் காரணம் நான்.

டெஸ்ஸும் நானும் இங்கிலாந்தில் கிரேட்லி ஹீத் என்ற ஊரில் ஒரே இரும்புப் பட்டறையில் வேலை பார்த்தோம். இரண்டு டன் இயந்திரச் சம்மட்டியை இறக்கி ஏற்றுவது அவன் வேலை. பழுத்த இரும்பை இடுக்கியில் பிடித்து அதன் கீழே வைப்பது என் வேலை. அவன் ஒரு கணம் தவறினால் என் கை போய்விடும். ஐந்து வருடத்தில் ஒருமுறைகூடத் தவறியதில்லை. அந்தச் சம்மட்டி விழுந்து, ஒரு மூச்சு நின்று, மறுபடி விழும். அதைத்தான் அவன் டிரம்ஸில் கொண்டுவந்தான்.

பட்டறைக்குள் இடி விழுந்தாலும் கேட்காது. அதனால் அங்கே எல்லோரும் உதட்டால்தான் பேசுவோம். குரல் கிடையாது, வாயசைவு மட்டும். முப்பது அடி தள்ளி நிற்பவன் மேஸ்திரியைப் பற்றிச் சொல்லும் கெட்ட வார்த்தைகூட எழுத்து பிசகாமல் புரியும். மாலையில் பீர் கடைக்குப் போனாலும் அந்தப் பழக்கம் போகாது. இந்த மூலைக்கும் அந்த மூலைக்கும் சத்தமில்லாமல் ஊர்வம்பு ஓடும். எங்கள் வீட்டுப் பெண்களுக்கு அதைக் கண்டாலே பற்றிக்கொண்டு வரும்.

இருபத்திரண்டு வயதில் டெஸ்ஸுக்குக் காது முக்கால்வாசி போய்விட்டது. அது எனக்கு மட்டும்தான் தெரியும்.

"டேய் ரே, யார்கிட்டயும் மூச்சு விடாதடா" என்றான். "செவிடன் டிரம்ஸ் அடிக்கிறான்னு தெரிஞ்சா ஊரே சிரிக்கும்."

மூச்சு விடமாட்டேன் என்று சத்தியம் செய்தேன். மேடையில் பேஸ் கிட்டாரோடு அவனுக்கு நேர் எதிரே நிற்பேன். என் வலதுகையையும் உதட்டையும் பார்த்து அவன் அடிப்பான். பாட்டு எங்கே திரும்புகிறது என்பதை நான் வாயசைத்துச் சொல்லிவிடுவேன். கிட்டார்காரன் கீத்துக்கும் பாடுகிற அலனுக்கும், நான் ரசிகர்களுக்கு முதுகைக் காட்டி நிற்பது திமிர் என்றுதான் நினைப்பு.

1970 நவம்பரில் லண்டனில் தட்டுப் பதிவு செய்ய ஒரே ஒரு நாள் கிடைத்தது. காலை பத்திலிருந்து இரவு பத்துக்குள் முழுத் தட்டையும் முடித்தாக வேண்டும். முடியாவிட்டால் ஒப்பந்தம் கிடையாது, பட்டறைக்கே திரும்ப வேண்டியதுதான். பதிவை நடத்தியவர் பெயர் ஜார்விஸ். டிரம்ஸ் சத்தம் மற்ற மைக்குகளில் ஏறுகிறது என்று டெஸ்ஸை ஒரு மரக்கூண்டுக்குள் தள்ளிக் கதவைச் சாத்திவிட்டார். கூண்டின் ஒரே ஜன்னல் எங்கள் பக்கம் இல்லை. அது ஜார்விஸ் உட்கார்ந்திருந்த கண்ணாடி அறையைப் பார்த்திருந்தது.

டெஸ்ஸால் என்னைப் பார்க்க முடியவில்லை. ஹெட்ஃபோனில் வந்தது அவன் காதில் ஏறவில்லை. நாங்கள் நிறுத்திய பிறகும் அவன் அடித்துக்கொண்டே இருந்தான். ஆறு முறை எடுத்தோம். ஆறும் பாழ். மணி ஒன்று ஆனதும் ஜார்விஸ் என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டு, அந்தப் பையனுக்கு என்ன கோளாறு என்று கேட்டார்.

அந்த இடத்தில் நான் சொல்லியிருக்க வேண்டியது ஒரு வாக்கியம். கதவைத் திறந்து வையுங்கள், நான் அவன் எதிரே நின்று வாசிக்கிறேன். அவ்வளவு போதும், அன்று மாலைக்குள் எல்லாம் முடிந்திருக்கும். ஆனால் ஜார்விஸின் கைக்கடிகாரத்தைப் பார்க்கப் பார்க்கப் பட்டறையின் புகைதான் கண்ணில் வந்தது. நாக்கில் நரம்பில்லாமல் பேசினேன்.

"அவனுக்குக் காது சுத்தமா கேக்காது சார். ரெண்டு வருஷமா நான்தான் அவனைத் தூக்கிச் சுமக்கிறேன். வேற ஆளைக் கூப்பிடுங்க, ராத்திரிக்குள்ள முடிச்சிரலாம்."

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் டெஸ் குச்சியோடு உட்கார்ந்து என்னைப் பார்த்துக்கொண்டிருந்தான். இந்தப் பக்கம் கத்தினாலும் அந்தப் பக்கம் கேட்காது என்று காலையில்தான் ஜார்விஸ் பெருமையடித்திருந்தார். செவிடன் காதில் ஊதிய சங்குதானே என்று இருந்துவிட்டேன். ஐந்து வருடம் உதட்டாலேயே பிழைத்தவன் நான், எனக்கு அது மறந்துபோனது. லண்டனுக்கு வந்த அரை நாளில் லண்டன்காரனாகி விட்டேனாக்கும்!

டெஸ் குச்சிகளை டிரம்ஸ் மேல் வைத்தான். கோட்டை மாட்டிக்கொண்டு வெளியே வந்து, மணிக்கட்டு பிசகிவிட்டது, வேறு யாரையாவது வைத்துக்கொள்ளுங்கள் என்று எல்லோரிடமும் சொன்னான். கீத் அவன் கையைப் பிடித்துத் தைலம் தேய்த்துவிட்டான். டெஸ்ஸும் வலிக்கிற மாதிரியே முகத்தைச் சுளித்தான்.

இரண்டு மணிக்கு டாக்ஸியில் ஒரு ஆள் வந்து இறங்கினான். நல்ல கைகாரன்தான், ஆனால் அந்த எட்டு அடி அவனுக்கு வரவில்லை. அவசரப்பட்டான். டெஸ் அவன் பின்னால் போய் நின்று, பிசகியதாகச் சொன்ன அதே கையால் அவன் முதுகில் மெதுவாகத் தட்டிக் காட்டினான். விழு, நில், விழு. வந்தவன் பிடித்துக்கொண்டான். நாங்கள் வாசிக்க ஆரம்பித்ததும் டெஸ் வெளியே எங்கள் வேனுக்குப் போய் உட்கார்ந்தான். ஒன்பதரைக்குத் தட்டு முடிந்தது.

ஊர் திரும்பும் வழியில் மற்றவர்கள் தூங்கிவிட்டார்கள். வேனை நான் ஓட்டினேன், டெஸ் பக்கத்தில் இருந்தான். பாதி வழி தாண்டினோம். பிறகு ரோட்டைப் பார்த்தபடியே சொன்னான்.

"அந்தக் கண்ணாடி ரொம்ப சுத்தமா இருந்துச்சுடா."

நான் ரோட்டிலிருந்து கண்ணை எடுக்காமல் ஓட்டினேன். அதைப் பற்றி அதற்கு மேல் அவன் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அன்றும் சொல்லவில்லை, அதற்குப் பிறகு நாற்பத்தெட்டு வருடமும் சொல்லவில்லை.

என்னை அடித்திருந்தால் தேவலை. அவனோ பட்டறைக்கே திரும்பி, அது மூடுகிற வரைக்கும் சம்மட்டி ஓட்டினான். பிறகு நகராட்சிப் பூங்காவில் புல் வெட்டினான். மேவிஸைக் கட்டி இரண்டு பெண்களை வளர்த்தான். மூன்று தட்டோடு எங்கள் குழு கலைந்து நான் ஊருக்கு வந்தபோது, ஒன்றுமே நடக்காத மாதிரி டாமினோ ஆடக் கூப்பிட்டான். வெள்ளிக்கிழமை தோறும் ஆடினோம். எதிரே உட்கார்ந்து என் உதட்டையே பார்ப்பான், பார்த்தால்தானே அவனுக்குப் பேச்சு புரியும்! நான் பீர் கோப்பையால் வாயை மறைத்துக்கொள்வேன். "என்னடா, பல்லு விழுந்துருச்சா?" என்று கேலி செய்வான். மன்னித்துக்கொள் என்று சொல்லத்தான் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் கிளம்புவேன். டாமினோவில் தோற்றுவிட்டுத் திரும்பி வருவேன்.

போன மார்ச்சில் மேவிஸ் இறந்தாள். மூத்த மகள் அவனைத் தன்னோடு வேல்ஸுக்கு வரச்சொல்லிவிட்டாள். பஸ் நிலையத்துக்கு வழியனுப்பப் போனேன். அரை மணி நேரம் பெஞ்சில் ஒட்டி உட்கார்ந்திருந்தோம். மழையைப் பற்றிப் பேசினோம். பன்றிக்கறி வறுவல் பொட்டலம் ஒன்று வாங்கிக் கொடுத்தேன். அவன் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தான். கதவு மூடி, பஸ் உறுமத் தொடங்கியது.

அப்போதுதான் எனக்கு வாய் வந்தது. பழையபடி, குரலில்லாமல் உதட்டால் சொன்னேன். நான் உன்னைச் சுமக்கவில்லை டெஸ். நீதான் எங்களைச் சுமந்தாய். நான் செய்தது துரோகம். என்னை மன்னித்துவிடு.

அவன் உள்ளங்கையால் ஜன்னலின் ஆவியைத் துடைத்தான். என் உதட்டைக் கடைசி வரைக்கும் பார்த்தான். பிறகு காதுக்குப் பின்னால் கையைக் குவித்து, தலையை ஆட்டி, உதட்டால் பதில் சொன்னான். நானும் பட்டறைக்காரன், தெளிவாகப் படித்தேன்.

"கேக்கலடா."

பஸ் போய்விட்டது. காது போய் ஐம்பது வருடத்தில், கேட்கவில்லை என்று டெஸ் ஹிங்லி யாரிடமும் சொல்லி அதற்கு முன் நான் பார்த்ததில்லை.