வெக்டார் என்றால் கொசு

எழுபதுகளின் கடைசியில், போர்ட் பிளேர் விமான நிலையத்தில் எங்கள் டி.என்.ஏ.வைக் கொசு என்று பிடித்து வைத்தார்கள்.

நான் அப்போது ஒரு சின்ன ஆராய்ச்சிக்கூடத்தில் லேப் அசிஸ்டென்ட். எங்கள் மேடம் மெட்ராஸ்காரர். கடல் பாக்டீரியாவின் ஜீன் ஒன்றை வெட்டி ஈ.கோலை பாக்டீரியாவுக்குள் ஏற்ற வேண்டும் என்பது அவர் வேலை. ஏற்றிப்போக ஒரு வண்டி வேண்டுமே, அதுதான் வெக்டார். வட்டமான குட்டி டி.என்.ஏ., பிளாஸ்மிட் என்றும் சொல்வோம். அந்த மாதத்துக்குள் ரிசல்ட் வராவிட்டால் லேபையே மூடிவிடுவதாக மெயின்லேண்டிலிருந்து சொல்லியிருந்தார்கள்.

மேடத்தின் தோழி மெட்ராஸிலிருந்து ஐஸ் பிளாஸ்க்கில் வெக்டாரை அனுப்பினார். பிளாஸ்க் மேல் பெரிதாக ‘வெக்டார்’ என்றும் எழுதிவிட்டார். தீவில் அந்தச் சொல்லுக்கு ஒரே அர்த்தம், மலேரியா பரப்பும் கொசு, தீவு இந்தியில் மச்சர்.

மலேரியா இன்ஸ்பெக்டர் ராமநாதபுரத்துக்காரர், இங்கேயே வளர்ந்தவர். நாங்கள் போனபோது பிளாஸ்க்குக்குப் பக்கத்தில் டி.டி.டி. கொசுமருந்து பம்ப்போடு உட்கார்ந்திருந்தார்.

“மச்சர் இல்லைன்னா வெக்டார்னு ஏன் எழுதணும்? இங்க இருக்கற கொசு பத்தலையா?”

மேடம் ஜீன், பாக்டீரியா என்று விளக்க விளக்க, அவருக்குப் பயம்தான் கூடியது. ஐஸ் உருகிக்கொண்டிருந்தது. திறந்து பாருங்கள், ஏதாவது பறந்தால் என்னை உள்ளே போடுங்கள் என்று நான்தான் சொன்னேன்.

திறந்தார். தண்ணீரில் சின்னக் குழாய் ஒன்று மிதந்தது. மூடியைத் தளர்த்தி மோந்தார். முகம் மலர்ந்தது.

“இது தாரு. ஒளிச்சுச் சரக்கு வரவழைக்க இவ்ளோ கதையா?”

மேடம் வாய் திறக்குமுன், “ஆமா சார்” என்றேன்.

“இத்தனூண்டு யாருக்குய்யா பத்தும்?” என்று பரிதாபப்பட்டு விட்டுவிட்டார்.

ஜீப்பில் மேடம் குழாயைத் தானும் மோந்து பார்த்து மூடியை இறுக்கினார். பிறகு, “என்னைக் குடிகாரியாக்கிட்டீங்களே, அந்தோணி” என்றார். அடுத்த கணம் சிரித்தார். தோழி டி.என்.ஏ.வை ஆல்கஹாலில் போட்டிருக்கிறார், அப்படிப் போட்டால் ஐஸ் உருகினாலும் கெடாது என்று அப்போதுதான் அவருக்கு உறைத்தது.

வெக்டாரில் ஜீனை ஒட்டி, ஈ.கோலைக்குள் ஏற்றி, ஆம்பிசிலின் மருந்து கலந்த பிளேட்டில் பரப்பினோம். அந்த மருந்தைத் தாங்கும் சக்தி வெக்டாரில் உண்டு, அதனால் வெக்டார் ஏறிய பாக்டீரியா மட்டும்தான் அதில் பிழைக்கும். மறுநாள் வெள்ளைப் புள்ளிகள் முளைத்திருந்தன. சோதித்ததில் ஒன்றுக்குள் எங்கள் ஜீனும் இருந்தது. லேப் தப்பியது.

புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். தீவுக்கு எதை வரவழைத்தாலும் ஐஸை நம்பாதீர்கள். வாசலில் மறிக்கும் அதிகாரிக்கு அறிவியல் பாடமும் நடத்தாதீர்கள். அவருக்கு நன்றாகத் தெரிந்த சின்னக் குற்றம் ஒன்றை ஒப்புக்கொள்ளுங்கள், சிரித்துக்கொண்டே வழிவிடுவார்.