இல்லாத பிள்ளைக்குத் துக்கம்

மூன்றாவது பிரசவத்தோடு எனக்குக் குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் ஆகிவிட்டது. ஏற்காட்டு பஜாரில் இது ரகசியமில்லை. ஆனாலும் தொண்ணூறுகளின் தொடக்கம் முழுக்க, என்னைப் பார்த்தவர்கள் எத்தனை மாசம் என்றுதான் கேட்டார்கள். சேலம் பஸ்ஸில் எழுந்து இடம் கொடுத்தார்கள். எங்கள் மளிகைக் கடைக்கு வருகிற, காப்பி எஸ்டேட்டில் கணக்கு எழுதுகிற ரைட்டர், அடுத்ததும் வந்தாச்சா என்று என் வீட்டுக்காரரிடம் கண்ணடித்தார். ஊருக்குப் புதிதாக வந்த நர்ஸ் நடு பஜாரில் என்னை நிறுத்தி, இருக்கிற மூன்று போதாதா என்று திட்டிவிட்டுப் போனாள்.

வயிறு அப்படி. தசை நடுவில் விலகி, தோல் பை மாதிரித் தொங்கியது. பிரசவமான கையோடு பழைய வேட்டியை இறுக்கிக் கட்டியிருந்தால் இப்படி ஆகாது என்று மாமியார் சொன்னார். கட்டினேன். மூச்சு முட்டும்வரை கட்டினேன். வேட்டிதான் கிழிந்தது.

கோயமுத்தூரில் ஒரு டாக்டர் குழாய் விட்டுக் கொழுப்பை உறிஞ்சி, மிச்சத் தோலை வெட்டி, தசையை இழுத்துத் தைக்கிறார் என்று கேள்விப்பட்டேன். வீட்டுக்காரர் ஒத்துக்கொள்ள மாட்டார் என்று நினைத்துத்தான் கேட்டேன். உடனே சரி என்றார். என் மேல் அக்கறையா? ரைட்டர் கண்ணடிப்பதை அவரால் தாங்க முடியவில்லை, அவ்வளவுதான்.

ஆபரேஷன் முடிந்து திரும்பி வரும்போது அடிவாரம் தாண்டியதும் மலைப்பாதையின் ஒவ்வொரு வளைவிலும் தையல் பிய்ந்துவிடும் போலிருந்தது. நிமிர முடியாது. வயிற்றைச் சுற்றி இறுக்கமான பெல்ட். இருமினால் உயிர் போனது.

மறுநாள் பக்கத்துத் தெருப் பெண்கள் வந்து தரையில் உட்கார்ந்து மூக்கைச் சிந்தினார்கள். யார் செத்தது என்று எனக்குத் தெரியவில்லை. ஒருத்தி மெதுவாகக் கேட்டாள்.

"ஆணுங்களா, பொண்ணுங்களா?"

பெரிய வயிற்றோடு மலையிறங்கியவள் சின்ன வயிற்றோடு கூனிக்கொண்டு திரும்பியிருக்கிறேன். கையில் பிள்ளை இல்லை. அவர்கள் வேறென்ன நினைப்பார்கள்? ஆனால் கடையில் விசாரித்தவர்களிடம் என் வீட்டுக்காரரே தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு, தங்கவில்லை என்று சொல்லியிருக்கிறார். சாப்பிட வந்தபோது கேட்டேன்.

"கொழுப்ப எடுக்கப் போனான்னு சொன்னா ஊரே சிரிக்கும். கொஞ்ச நாள் மூஞ்சியத் தொங்கப் போட்டுட்டு இரு. தானா மறந்துருவாங்க" என்றார்.

வயிறு தொங்கியது போய் இனி மூஞ்சி தொங்க வேண்டுமாம். பிறக்கவே பிறக்காத பிள்ளைக்கு நான் அழ வேண்டும், அவர் கல்லாவில் கௌரவமாக உட்கார வேண்டும்.

அடுத்து மஞ்சக்குட்டையிலிருந்து எங்கள் கடைக்குப் பழம் போடுகிற பெண் வந்தாள். போன மழைக்காலத்தில் அவளுக்குப் பிறந்த குழந்தை, ஆஸ்பத்திரிக்குப் போக ஜீப் கிடைப்பதற்குள் செத்துப்போனது. ஆரஞ்சுப் பையை வைத்துவிட்டு என் பக்கத்தில் உட்கார்ந்து அழுதாள். மற்றவர்கள் மாதிரி இல்லை, சத்தமே வராமல் அழுதாள். பால் கட்டினால் வற்றுவதற்கு மார்பில் மல்லிகைப்பூவை வைத்துக் கட்டச் சொன்னாள். அவளும் அப்படித்தான் கட்டினாளாம்.

அதற்கு மேல் என்னால் வாயை மூடிக்கொண்டிருக்க முடியவில்லை. பிள்ளையே இல்லை, கொழுப்பைத்தான் எடுத்தார்கள் என்று சொல்லிவிட்டேன்.

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். என் பெல்ட்டைப் பார்த்தாள்.

"ஏனுங்க, அப்ப நான் எதுக்குங்க அழுதேன்?"

பையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். சரியாகத்தான் செய்தாள்.

பெல்ட்டைப் பிடித்துக்கொண்டு கூனியபடியே கடைக்கு நடந்தேன். சாயங்கால வியாபாரம், நல்ல கூட்டம். ரைட்டரும் நின்றிருந்தார். எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொன்னேன்.

"புள்ள எதும் சாகலீங்க. வயித்துக் கொழுப்ப உறிஞ்சி எடுத்தாங்க. துக்கம் கேக்க இனி ஆரும் ஊட்டுக்கு வராதீங்க."

வீட்டுக்காரர் சர்க்கரை மூட்டைக்குள் குனிந்துகொண்டார். ரைட்டர் எத்தனை கிலோ எடுத்தார்கள் என்று கேட்டார்.

"உங்க தொப்பையில பாதிங்க" என்றேன்.

கடையே சிரித்தது. அத்தோடு துக்கம் விசாரிப்பும் நின்றது. மஞ்சக்குட்டைப் பெண் மட்டும் அதற்குப் பிறகு வேறு கடைக்குத்தான் பழம் போட்டாள்.