ஆறு வெள்ளை கனெக்டரும் ஓர் இடது கையும்

பொம்மை விமானத்தின் ரிமோட்டுப் பின்மூடியைத் தூக்கியதும் எனக்குப் பகீரென்றது. உள்ளே இருந்த ஆறு கனெக்டர்களும் பிடுங்கப்பட்டுக் கிடந்தன. ஆறும் ஒரே அளவு, ஒரே வெள்ளை. எல்லாவற்றிலும் சாம்பல் நிற வயர்கள்தான், அதையும் முன்பு யாரோ மொத்தமாக டேப் சுற்றி வைத்திருந்தார்கள். ஓர் எழுத்து, ஒரு புள்ளி, எதுவும் இல்லை.

“மூடியை மட்டும் கழட்டி வையுங்கன்னுதானே சொன்னேன் மச்சான்? எது எங்கன இருந்துச்சுன்னாவது பாத்தீகளா?”

“பாக்கலையே மாப்ள. பிரிச்சு வச்சாத்தான் நமக்கு நிம்மதி.”

அவர் என் மனைவியின் அண்ணன். ஏழாயிரம்பண்ணைப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் போர்மேனாக இருந்தவர். அங்கே மருந்து கலப்பது ஓர் அறை, அடைப்பது வேறு அறை, திரி வைப்பது இன்னொரு அறை. ஒன்றோடொன்று சேர்ந்து கிடந்தால் அவருக்கு மூச்சு முட்டும். அந்தப் பழக்கத்தில் ரிமோட்டையும் பிரித்து மேய்ந்துவிட்டார். குரங்கு கைப் பூமாலை என்று கத்திவிட்டேன். “ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு” என்று அடுப்படியிலிருந்து மனைவி குரல் கொடுத்தாள்.

என் கோபத்துக்குக் காரணம் இருந்தது. முந்தின சீசனில் கம்பெனியில் நடந்த ஒரு விபத்தில் மச்சானின் வலது கை விரல்கள் போய்விட்டன. உள்ளங்கை மட்டும்தான் மிச்சம். அதற்கு முன்னால் ஞாயிற்றுக்கிழமை என்றால் ஆனைக்குட்டம் அணையின் காய்ந்த தரையில் பொம்மை விமானம் விடுவார். முதலாளி வீட்டுப் பிள்ளை வெளியூர் போகும்போது அவருக்குக் கொடுத்துவிட்டுப் போன விமானம் அது. அதைத் திருப்புவதும் ஏற்றி இறக்குவதும் ரிமோட்டின் வலது குச்சி. கட்டைவிரல் இல்லாமல் அது நடக்காது. விமானம் சுவரில் ஆணியில் தொங்கியது. மச்சான் அந்தக் கையைத் துண்டுக்குள் சுற்றிக்கொண்டு வீட்டோடு இருந்தார். பார்க்க வருகிறவர்களிடம்கூட அதை வெளியே எடுக்கமாட்டார்.

உள்ளே கனெக்டர்களை இடம் மாற்றினால் திருப்பும் வேலை இடது குச்சிக்கு வந்துவிடும், ஆக்சிலேட்டர் வலது பக்கம் போகும், அதை உள்ளங்கையால் தள்ளினால் போதும் என்பது என் யோசனை. நான் வேலை பார்க்கும் அச்சுப் பிரஸ்ஸில் ஆப்செட் மெஷினின் வயரிங்கை நோண்டிய தைரியம். ஆனால் ஆறில் ஒன்று பேட்டரியுடையது. அதைத் தப்பான இடத்தில் செருகினால் போர்டு போச்சு. இன்னொரு ரிமோட்டுக்கு எங்கே போவது?

கரண்ட் பார்க்கும் மீட்டரை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். பேட்டரியின் கனெக்டரைக் கண்டுபிடிப்பது கஷ்டமில்லை, வோல்ட் காட்டியது. அது போர்டில் உட்காரும் இடம்தான் தெரிய வேண்டும். சுவிட்சில் மீட்டரின் ஒரு முனையை வைத்து, மறுமுனையால் போர்டில் ஒவ்வோர் இடமாகத் தொட்டேன். ஓர் இடம் மட்டும் ‘பீப்’ என்றது. அங்கே போர்டின் தகர உறையோடு சேர்த்துத் தொட்டபோது கத்திய கம்பி மைனஸ். பிறகு மச்சான் குச்சிகளை ஆட்ட ஆட்ட, எந்த கனெக்டரில் மீட்டரின் எண் ஏறி இறங்குகிறதோ அது அந்தக் குச்சியுடையது என்று பிரித்தோம். ஒவ்வொன்றிலும் புள்ளி வைக்கப் பிரஸ் மையைத் தொட்டேன். அது பிளாஸ்டிக்கில் காயாமல் விரலெல்லாம் அப்பியது. மனைவி சிரித்துக்கொண்டே நகப்பூச்சைக் கொண்டுவந்து கொடுத்தாள்.

எது போர்டில் எங்கே என்பது மட்டும் பாக்கி. நான் அவசரமாக எல்லாவற்றையும் ஒரே தடவையில் செருகப் போனேன். மச்சான் தடுத்தார்.

“ஒண்ணு மட்டும் மாட்டுங்க மாப்ள. அம்புட்டையும் சேத்து மாட்டுனா எது வேலை செஞ்சுச்சுன்னு எப்படித் தெரியும்?”

எதற்காக அவரைத் திட்டினேனோ அதே பழக்கம்! விமானத்தின் விசிறியையும் முன்கூட்டியே கழற்றி அடுத்த அறையில் வைத்திருந்தார். ஒவ்வோர் இடமாகச் செருகி, விமானத்தில் எது அசைகிறது என்று பார்த்தோம். வால் அசைந்தது, இறக்கை அசைந்தது, மோட்டார் உறுமியது. ஆட்டம் தெரிந்த பிறகு மாற்றிச் செருகினோம். குச்சியைத் தானாக நடுவுக்குக் கொண்டுவரும் ஸ்பிரிங்கும் இடது குச்சிக்குப் போனது.

ஆனைக்குட்டத்தில் தண்ணீர் தூரத்தில்தான் கிடந்தது. ஆடு மேய்க்க வந்தவர்கள் நாலைந்து பேர் கூடிவிட்டார்கள். நான் விமானத்தைத் தூக்கிப் பிடித்து நின்றேன். மச்சான் ரிமோட்டைக் கழுத்தில் மாட்டியபடி அசையாமல் நின்றார். துண்டை எடுத்தால்தான் ஆக்சிலேட்டர்.

“துண்டை இங்கன தாங்க மச்சான்.”

கூட்டத்தை ஒருமுறை பார்த்தார். துண்டை உருவி என் தோளில் போட்டார். உள்ளங்கை குச்சியைத் தள்ள மோட்டார் இரைந்தது. வீசினேன். விமானம் இடப்பக்கமாகச் சாய்ந்து தரையைத் தொடப் போனது. “ஆத்தீ!” என்று அவரே கத்தினார். பிறகு இடது கை பிடித்துக்கொண்டது. விமானம் எழும்பி ஆட்டு மந்தைக்கு மேலே வட்டம் போட்டது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. புழுதி விழுந்தது என்று சொல்ல எனக்கு விருப்பமில்லை.

இறங்கும்போது மூக்கு மண்ணில் குத்தியது. சேதம் ஒன்றுமில்லை. இறக்கைகளைக் கழற்றிப் பட்டாசு அட்டைப்பெட்டியில் வைத்து நான் இரு கையாலும் தூக்கிக்கொண்டேன். மச்சானின் இடது கையில் ரிமோட். ரோட்டுக்கு வரவும் தூரத்தில் பஸ் வந்தது. துண்டு என் தோளில் கிடப்பது எனக்குத்தான் ஞாபகம் வந்தது. அவர் வலது கையை நன்றாக உயர்த்தி ஆட்டி, பஸ்ஸை நிறுத்தினார்.