சாமியறை விளக்கு

அசைவைக் கவனித்து, ஆளில்லாத அறைகளில் விளக்கைத் தானாக அணைக்கும் கருவிகளை உரும்பிராயில் ஒரு வீட்டுக்குப் பொருத்திக் கொடுத்தேன். ஒரு கிழமை கழித்துப் பொழுதுபடும் நேரம் பார்க்கப் போனபோது, வீட்டுக்கார அம்மா ஓரிடத்தில் இருக்கவில்லை. கதைத்துக்கொண்டிருக்கும்போதே எழும்பி, வீங்கிய முழங்காலை இழுத்துக்கொண்டு சாமியறைக்குள் போய்க் கையை ஆட்டிவிட்டு வருவார். ஐந்து நிமிடத்தில் மறுபடியும் போவார்.

"ஏனம்மா உந்த அலைச்சல்?"

"போகாட்டி லைற் நூந்துபோகுது, தம்பி. விளக்கு வைக்கிற நேரம் சாமியை இருட்டிலை விடலாமே?"

"ஆளில்லாட்டி நூரத்தானே வேணும். கறண்ட் மிச்சம்."

"உள்ளுக்கை ஆளில்லையெண்டு உமக்கு ஆர் சொன்னது?"

சாமியறையில் ஏணியை வைத்து அந்தக் கருவியைக் கழற்றி, வயரை நேரே இணைத்தேன். விளக்கு நின்று எரிந்தது. அப்போதும் அவர் எழும்பிப் போய்க் கையை ஆட்டினார். யாருக்கு என்று நான் கேட்கவில்லை.